எடுத்துடுங்க சார்

கோப்பு தானாக அழியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, இதே வாக்கியத்தைத் தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தவள் நான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், "ஃபைல் அழிஞ்சிடுச்சு மேடம்" என்றாள். மழையில் கோலம் அழிந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். அழிந்தது என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடுகிறது. அழித்தது என்றால்தான் அழித்தவர் என்று ஓர் ஆள் வேண்டும். நம் மொழியில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. பால் பொங்கிடுச்சு, டம்ளர் உடைஞ்சிடுச்சு, சாவி தொலைஞ்சிடுச்சு. வீட்டுக்குள் சண்டை வராமல் இருக்க நல்ல வசதிதான், நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஒரு மனிதனின் நெஞ்சுப் படத்தைத் தொலைத்துவிட்டு அதே வசதிக்குள் போய் ஒளிந்துகொண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நெஞ்சு என் நைனாவுடையது, என் அப்பாவுடையது. திருமழிசை எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பாதி ஆயுளுக்கு மேல் மணலையும் புகையையும் சுவாசித்தவர். அம்மா போன பிறகு பட்டாபிராம் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். என்னோடு மேனாம்பேட்டுக்கு வந்து இரு என்றால், "உன் ஃபிளாட்ல காத்து எங்க கீது, பொட்டி மாதிரி கீது" என்பார். இருமல் என்றால் அவருக்கு வியர்வை மாதிரி, வரும் போகும். அந்த முறை வந்தது போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கம் வேர்க்கடலை அளவில் ஒரு நிழல் இருந்தது.

டாக்டர் நல்லவர், நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "பழைய தழும்பாவும் இருக்கலாம். ஃபவுண்டரி வேலை, முன்னாடி பீடி வேற. அதனால நான் சும்மா விட முடியாது. இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அதுலயும் இதே அளவுல இருந்தா வளரலைன்னு அர்த்தம், நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். அது கிடைக்கலைன்னா ஊசி விட்டு சதை எடுத்துத்தான் பாக்கணும். நுரையீரல்ல ஊசி விடறது சின்ன விஷயம் இல்ல, கிடைச்சா தேடிக் கொண்டு வாங்க."

எடுத்திருந்தோம். கொரோனா காலத்தில் யார்தான் எடுக்கவில்லை? நைனாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பூந்தமல்லியில் அந்த சென்டரில் வரிசையில் நின்று எடுத்தோம். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் சொன்ன ஊசி என்ற சொல் நைனாவின் முகத்தில் அப்படியே நின்றது. கொதிக்கும் இரும்புக் குழம்பின் பக்கத்தில் நின்று சோறு சாப்பிட்ட மனிதர், ஊசி என்றால் மட்டும் சின்னப் பிள்ளை. "அந்த பழைய படம் கெடச்சா இந்தக் குத்தல்லாம் வேணாம் தானே?" என்று ஷேர் ஆட்டோவில் இரண்டு தடவை கேட்டார். கிடைக்கும் நைனா, அதெல்லாம் சர்வரில் இருக்கும் என்றேன். தொழில் தெரிந்தவளின் தெனாவட்டோடு சொன்னேன்.

என் தொழிலே அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். தூரத்தில் இருக்கும் சர்வரில் கோப்பு வைப்பது, எடுப்பது, அழிப்பது எல்லாம் எனக்கு அன்றாடச் சமையல். அதனால்தான் அன்று ஸ்கேன் சென்டரில், "பிலிம் எதுக்கு மேடம், லிங்க் அனுப்பறோம், எப்ப வேணாலும் பாத்துக்கலாம்" என்று சொன்னபோது சரி என்றேன். கையில் இருந்தது ஒரு தாள் ரிப்போர்ட் மட்டும். அதில் கொரோனா எவ்வளவு பரவியிருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, கடைசியில் 'வலது மேல்பகுதியில் பழைய தழும்பு போல் ஒன்று' என்று அரை வரி. அளவு போடவில்லை. அதை நீட்டியபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வரியை வைத்து அளக்க முடியாது, படம் வேண்டும் என்றார். ஏன் டவுன்லோடு செய்து வைக்கவில்லை என்று வீட்டில் என் கணவர் ஒரு கேள்வி கேட்டார். அன்று இரவு தோசையை அவரே சுட்டுக்கொண்டார்.

லிங்க் திறக்கவில்லை. நேரில் போனேன். கவுண்டர் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள், முகம் மாறியது, பிறகு நிமிர்ந்து, "சர்வர் டவுன் மேடம், வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள். வெள்ளிக்கிழமை போனேன். மெயின்டனன்ஸ் என்றாள். போன் செய்தேன், சார் இல்லை என்றாள். மறுபடி போனேன், இன்சார்ஜ் லீவு. ஆபீசில் பர்மிஷன் போட்டுப் போட்டு, அந்தப் பாழாய்ப்போன நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டி, ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு போய்ச் சிரித்த முகத்தோடு திரும்பினேன். மரியாதையாகப் பேசினால் வேலை நடக்கும் என்று யாரோ எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் போன அன்றுதான் அவள் அந்த அழிஞ்சிடுச்சைச் சொன்னாள்.

"எப்படி அழிஞ்சுது?"

"தானா போயிடுச்சு மேடம். பழசு இல்ல, சிஸ்டமே க்ளீன் பண்ணிடும்."

இங்கேதான் கத்தினேன். தொழில் தெரியாதவர்களுக்காக அன்று கத்தியதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். தூரத்துச் சர்வரில் இருக்கும் கோப்பை அழிக்க வேண்டும் என்றால் இங்கிருந்து ஒரு அழைப்பு போக வேண்டும். அந்த அழைப்பு சும்மா போனால் சர்வர் கதவையே திறக்காது. நீ யார் என்று கேட்கும். சாவி ஒன்றைக் காட்ட வேண்டும். நீளமான ஒரு எழுத்துக் கோவை அது, ஆளுக்கொன்று, கம்பெனிக்கொன்று. சாவி சரி என்றால், எந்தக் கோப்பு, என்ன செய்ய என்று கேட்கும். அழி என்றால் அழித்துவிட்டு ஒரு பதில் அனுப்பும். எங்கள் தொழிலில் அந்தப் பதிலுக்கு இருநூற்று நான்கு என்று ஒரு எண் உண்டு. ஆயிற்று, உனக்குச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். இத்தனை கேள்வி கேட்கும் சர்வர், ஏன் அழிக்கிறாய், யாருடையது, நன்றாக யோசித்தாயா என்று மட்டும் கேட்காது. அது அதன் வேலை இல்லை. அது மனிதர்களின் வேலை. பழசானால் தானாக அழியும்படி செய்து வைக்கவும் முடியும், உண்மைதான். அப்படிச் செய்து வைக்கவும் ஓர் ஆள் உட்கார்ந்து கட்டளை எழுத வேண்டும். எப்படிச் சுற்றினாலும் ஒரு விரல் இல்லாமல் எதுவும் போகாது.

"யாரோட சாவி? யாரு கூப்பிட்டது? உங்க சாஃப்ட்வேர் யாரு பாக்கறா?" என்று கேட்டேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "சாவி தொலைஞ்சிடுச்சாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் சொன்னார். உள்ளிருந்து ஓனர் வந்தார். டெக்னிக்கல் இஷ்யூ மேடம், எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு என்றார். கஷ்டம் அவர் சட்டை இஸ்திரியில் எங்கேயும் தெரியவில்லை. நான் நகரவில்லை என்றதும், என்னை அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று சாஃப்ட்வேர் கம்பெனியின் விலாசத்தைக் கொடுத்தார். படித்துப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட், என் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி. மதியம் நான் டீ குடிக்கும் கடையில்தான் அவர்களும் குடிப்பார்கள்.

மறுநாள் நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். படம் என்று அவர்கள் அழைப்பது எந்த ஆளுக்குள் இருந்து எடுத்தது என்று நேரில் பார்க்கட்டும் என்று இருந்தது. நைனா பட்டாபிராமில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, மேம்பாலப் படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். வரும்போதே ஆரம்பித்துவிட்டார். "சண்ட கிண்ட போடாதமா. பொம்பள புள்ள, ஆம்பளைங்க ஆபீஸ்ல போய் கத்திகினு நிக்காத." நானும் ஆம்பளைகள் இருக்கும் ஆபீசில்தான் நைனா வேலை பார்க்கிறேன், தினமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

ஒரு ஒர்க்‌ஷாப்பின் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் கம்பெனி. முதலாளி வெளியே போயிருந்தார். சப்போர்ட் பார்க்கும் ஓர் ஆள் எழுந்து வந்தார். முப்பது வயது இருக்கும், பேச்சில் மதுரைப் பக்கம். சென்டர் பெயரைச் சொன்னதுமே அவர் கண் தரைக்குப் போனது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன், அதற்குள் நைனாவுக்கு இருமல் வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அந்த ஆள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, நைனா குடித்து முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னை அக்கா என்றார்.

"நான்தான்க்கா அழிச்சேன்."

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை நாள் அலைந்தேன். கேட்டதும் கோபம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை.

போனை எடுத்து ஒரு குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். கவுண்டர் பெண்ணின் குரல். "சார், அந்த கொரோனா டைம் ஃபைல்லாம் எடுத்துடுங்க சார். ஓனர் திட்டிட்டே இருக்காரு, சீக்கிரம் எடுத்துடுங்க." சர்வரில் இடம் நிறைந்துவிட்டது என்று இவர் அதற்கு முந்தின வாரம்தான் அவர்களிடம் சொல்லியிருந்தாராம். அதனால் எடுத்துடுங்க என்றால் நீக்கிவிடுங்கள் என்றுதான் இவருக்குப் பட்டது. தேதியைக் குறித்தார், சென்டரின் சாவியைக் காட்டினார், அழைப்பை அனுப்பினார். இருநூற்று நான்கு, இருநூற்று நான்கு என்று வரிசையாகப் பதில் வந்தது. சாயங்காலம் அவள் போன் செய்து, எடுத்தாச்சா சார், ஹார்டு டிஸ்க் கொடுத்து அனுப்பவா என்று கேட்டபோதுதான் இவருக்கு விஷயமே புரிந்திருக்கிறது. அவள் சொன்னது, அவற்றையெல்லாம் வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று.

நைனா தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு எட்த்து குடுக்க சொல்லிகீது, நீ எட்த்து கடாசிட்ட. அவ்ளோதானே?" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். எனக்கு நைனாமேலும் கோபம் வந்தது.

குழப்பமான சொல்தான், மறுக்கவில்லை. நம் ஊரில் பல்லையும் எடுக்கிறோம், பரிசையும் எடுக்கிறோம். நானாக இருந்தாலும் ஒரு நிமிடம் தடுமாறியிருப்பேன். ஆனால் கேட்டிருப்பேன். எடுத்துடறதுன்னா எடுத்து வைக்கவா, தூக்கிடவா என்று ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான். சரி, தவறு நடந்துவிட்டது. மன்னிக்கக்கூடிய தவறு என்றுகூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து நினைக்க ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் வழக்கமாக அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"அழிச்சதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் வெச்சிருப்பாங்களே. உங்க சர்வர்ல அந்த வசதி இல்லையா?"

பல இடங்களில் அழித்த கோப்பு உடனே போய்விடாது. ஒரு மாதம் ஒரு மூலையில் கிடக்கும். அதற்குள் கேட்டால் அப்படியே திருப்பி வைத்துவிடலாம். கேட்காவிட்டால் அதன் பிறகு நிஜமாகவே போய்விடும்.

"இருந்துச்சுக்கா. ஒரு மாசம் இருந்துச்சு. திருப்பி எடுக்க முதலாளி சாவி வேணும். அவர்ட்ட கேட்டா ஏன்னு கேப்பாரு. ஏற்கெனவே ஒரு தடவை வார்னிங் வாங்கிருக்கேன். வேலை போயிரும்னு..."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவங்ககிட்ட அழிஞ்சிருச்சுன்னுதான் சொன்னேன். அவங்களும் ஓனர்ட்ட சொல்ல பயந்துட்டு, யாராச்சும் கேட்டா பாத்துக்கலாம்னு சொன்னாங்க. பழைய ஸ்கேன் யாருக்கா கேக்கப் போறாங்கன்னு நெனைச்சோம்."

"நான் முதல்ல போன அன்னிக்கு?"

"அன்னிக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க போனப்ப, போன் பண்ணப்பல்லாம் இருந்துச்சு. அவங்க எனக்கு போன் பண்ணாங்க. போன வாரம்தான் முடிஞ்சது."

நான் சிரித்த முகத்தோடு வெள்ளிக்கிழமை போனேனே, அன்று அந்தப் படம் இருந்தது. மெயின்டனன்ஸ் என்றபோது இருந்தது. சார் இல்லை என்றபோது இருந்தது. போன வாரம்வரை லாரிகளுக்கு நடுவே நான் திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் நைனாவின் நுரையீரல் பத்திரமாக ஒரு மூலையில், யாராவது ஓர் ஆள் வாயைத் திறந்து நான் அழித்துவிட்டேன் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அழித்ததில் போகவில்லை அது. அழிஞ்சிடுச்சு என்று சொன்னதில்தான் போனது.

என்னென்ன பேசினேன் என்று நினைவில்லை. பேசக்கூடாத வார்த்தைகளும் பேசினேன். கீழே ஒர்க்‌ஷாப்பில் இருந்து இரண்டு பேர் மாடிப்படியில் ஏறி வந்து பார்த்தார்கள். அந்த ஆள் தலை குனிந்து நின்றார், கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் அழுததைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, இதை எழுதும்போதும் வரவில்லை. அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள், இஎம்ஐ இருக்கும், தெரியும். தன் வேலைக்குப் பயந்தவர் ஒருவர், ஓனருக்குப் பயந்தவள் ஒருத்தி. இரண்டு பயங்களும் சேர்ந்து, ஊசிக்குப் பயந்த ஒரு மனிதரை ஊசிக்கு அனுப்பின. நைனாதான் என் தோளைத் தட்டி, "உடுமா. அந்தாளு இன்னா வேணும்னா செஞ்சாரு? வா, ஊட்டுக்குப் போவலாம்" என்றார்.

வேண்டுமென்று செய்யவில்லை என்றால் சரியாகிவிடுமா? ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் நைனாவோடு சண்டை போட்டேன். உனக்காகத்தானே கத்துகிறேன், நீ அவன் பக்கம் பேசுகிறாய் என்றேன். நைனா வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி என் கையில் வைத்தார். அதைத் தின்னாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சென்டர் ஓனருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பதில் வந்தது. தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால் தகவல்கள் இழக்கப்பட்டன, வருந்துகிறோம் என்று இருந்தது. அடுத்த ஸ்கேனுக்குச் சலுகை தருவதாகவும் கீழே ஒரு வரி. அந்த வரியைப் படித்த அன்று நான் ஆபீஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன்.

டாக்டரிடம் போய்ப் பழைய படம் இல்லை என்று சொன்னேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மனிதர் யோசித்தார். வேறு மாதிரி இருந்தால் அந்த மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. எனக்குக் கோபப்பட ஆள் வேண்டியிருந்தது, அவர் அதற்குக் கிடைக்கவில்லை.

ஊசி போட்டார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே, நைனாவைக் குப்புறப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லி. உள்ளே என்னை விடவில்லை. முன்பே எச்சரித்திருந்ததுதான் நடந்தது. ஊசி பட்ட இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிட்டது. நூற்றில் சில பேருக்கு இப்படி ஆகும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவசர அவசரமாக நெஞ்சைத் துளைத்து ஒரு குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். நைனா ஒவ்வொரு தடவை இருமும்போதும் பாட்டிலில் குமிழி வந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து தூங்கினார், படுத்தால் வலி. வலிக்கிறதா என்று கேட்டால் கையை மட்டும் ஆட்டுவார், பேச மூச்சு போதவில்லை.

சதைப் பரிசோதனை முடிவு வந்த காலையில் டாக்டர் தாளோடு வார்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். பழைய தழும்புதான், எப்போதோ வந்து ஆறிப்போனது, புற்று இல்லை, இனி பயமே வேண்டாம் என்றார். நர்ஸ் அம்மா நைனாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாமிக்கு நன்றி சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் சிரிக்க வேண்டிய இடம் அது.

சிரிக்க வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்ல ஓர் ஓட்டை, ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு குழாய். அந்தப் படம் இருந்திருந்தால் இதே ஒன்றுமில்லையைக் கேட்டுவிட்டு நைனா அன்றே ஷேர் ஆட்டோவில் ஏறியிருப்பார்.

நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார்.

"இன்னாமா... எனக்கு ஒண்ணும் இல்லன்னு எல்லாம் சொல்லிகினு கீறாங்க... உன் மூஞ்சி மட்டும் ஏன் இப்டி கீது? கட்டியா இருந்தாதான் உனக்கு சந்தோசமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் ஒரு கணம், ஒரே ஒரு கணம், கட்டியாக இருந்திருந்தால் இந்தக் குத்தலுக்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும் என்று என் மனசுக்குள் ஓடியது. பெற்ற தகப்பனைப் பற்றி என்னை அப்படி நினைக்க வைத்துவிட்டார்களே என்று வயிறு எரிந்தது. இல்லை நைனா, எனக்கும் சந்தோஷம்தான் என்றேன்.

அந்தப் பொய்யைக் கேட்டு நைனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழாய் இழுத்து வலிக்கும். பாதியில் நிறுத்திக்கொண்டார்.